முகத்தில் இருந்த மொழி

1978ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, மெல்பர்னை அடுத்த டான்டெனாங்கில் இருந்த ஒரு மீன் தொழிற்சாலையின் கண்காணிப்பாளர் மர்லீன், மூன்று புதுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேராகச் சத்தியபாமாவின் மேசைக்கு வந்தாள்.

"இவங்க வியட்நாம்காரங்க. படகுல தப்பிச்சு மலேசியா வந்து, முகாம்ல கிடந்து, போன மாசம்தான் இங்க வந்தாங்க. ஆனா பேசுறது சீன பாஷை. உடுப்பு மாத்துறது எங்க, டீக்கு எப்ப போகலாம், எல்லாம் நீயே சொல்லிடு."

"எனக்குச் சீன பாஷை தெரியாதே."

"விளையாடாத, பாமா."

"விளையாடல. ஒரு வார்த்தைகூடத் தெரியாது."

மர்லீன் அவளுடைய முகத்தை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் பாமாவுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து பார்த்துவரும் பார்வை. சின்னக் கண், தட்டை மூக்கு, மஞ்சள் பூத்த வெளுப்பு. கண்ணாடியில் பார்த்தால் சீனப் பெண்தான். நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் வாயில் தமிழும் அதற்குமேல் வந்து உட்கார்ந்தவை.

மூவரில் நடுவில் நின்றவளுக்கு முப்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், அகன்ற கை. பாமாவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "ககினாங்!" என்று சொல்லிப் பாமாவின் முழங்கையை இறுகப் பற்றினாள். நம்ம ஆள் என்று அதற்கு அர்த்தம் என்பது பாமாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பிறகு மடை திறந்ததுபோல் பேசத் தொடங்கினாள். பாமா தலையை ஆட்டினாள். ஆங்கிலத்தில் சொன்னாள், மலாயில் சொன்னாள், கையை விரித்துக் காட்டினாள். மற்றவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. முழங்கையை விட்டாள். தேநீர் இடைவேளையில் மூன்று பெண்களும் பாமாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். பெரிய இடத்துக்காரி, ஏழைப்பட்ட தன் இனத்தாரோடு பேச மாட்டாள் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

அன்று மாலை கணவன் வரதராஜனிடம் சொன்னாள். நோபிள் பார்க் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியர் அவர். கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"உன் மூஞ்சியப் பாத்து ஏமாறாதவங்க யாரு? நானே முதல்ல ஏமாந்தவன்தானே."

பாமா சிரிக்கவில்லை.

அவள் பிறந்தது மலாயாவின் மேற்குக் கரையில், கோல குராவ் என்னும் மீன்பிடி ஊரில். ஆற்று வாயில் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள்; அங்கே படகு ஓட்டியவர்களும் வலை பின்னியவர்களும் கருவாடு காயவைத்தவர்களும் பெரும்பாலும் தியோச்சியூ என்னும் மொழி பேசும் சீனர்கள். தென்சீனக் கரையிலிருந்து பாய்க்கப்பல் ஏறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்தில் அந்த மீனவக் குடும்பம் ஒன்றில் நான்காவதும் பெண்ணாகவே பிறந்தது. வாய்க்கால் வேலைக்காரர் ஒருவரின் மனைவி மீனாம்பாளுக்குப் பிள்ளை இல்லை. படகுத்துறையில் வைத்துக் கைமாறிய குழந்தைக்கு மீனாம்பாள் சத்தியபாமா என்று பேரிட்டாள். பெற்றவர்கள் மனம் மாறித் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மீனாம்பாளின் குடும்பம் அடுத்த மாதமே தைப்பிங் பக்கம் குடிபெயர்ந்தது.

எடுத்து வளர்த்த பிள்ளை என்பதை மீனாம்பாள் மறைக்கவில்லை. மறைக்கக்கூடிய முகமும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் "சீனத்தி" என்று கூப்பிட்ட பையனின் மண்டையில் பாமா சிலேட்டால் அடித்தாள். கடைத்தெருவில் சீனர்கள் அவர்கள் மொழியில் பேசினால் தமிழில் பதில் சொல்லுவாள், வேண்டுமென்றே உரக்க. என்னை வேண்டாம் என்று கொடுத்தவர்களின் பேச்சு எனக்கு எதற்கு என்பது அவளுடைய கட்சி. முப்பத்தைந்து வயதுவரை அந்தக் கட்சியை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

மெல்பர்னுக்கு வந்த புதிதில் தமிழ்க் குடும்பங்கள் கூடும் ஒரு பொங்கல் விழாவில், யாழ்ப்பாணத்து நர்ஸ் இரஞ்சிதம் அவளைப் பார்த்து வியந்தாள். "நீங்கள் இவ்வளவு வடிவாத் தமிழ் கதைக்கிறியள், எங்கை படிச்சனீங்கள்?"

"எங்கம்மா மடியில. நீங்க எங்க படிச்சீங்க?"

இரஞ்சிதம் ஒரு கணம் திகைத்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

புதுப் பெண்கள் வந்து ஆறேழு வாரம் ஆகியிருந்தது. முழங்கையைப் பற்றியவளின் பெயர் சியூ எங் என்று பாமாவுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். சியூ எங்கின் வேகம் மேலாளர் கண்ணிலும் பட்டிருந்தது. மீனை எடுத்த மறுகணம் அதன் வயிறு திறந்திருக்கும். அதனாலேயே அவளைத் தோலுரிக்கும் இயந்திரத்தில் போட்டார்கள். சுழலும் பல்லுருளை ஒன்று, அதை ஒட்டி ஒரு கத்தி. மீன்துண்டை ஓரத்தில் வைத்துத் தள்ளினால் தோல் ஒரு பக்கமும் சதை ஒரு பக்கமும் வரும். உருளைக்கு மேல் தடுப்பு எதுவும் இல்லை. ரப்பர் கையுறை தொளதொளவென்று இருந்தால் உருளை இழுத்துவிடும் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். சியூ எங்குக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவள் சிரித்துத் தலையாட்டினாள்.

அந்த வியாழக்கிழமை பாமா எதிர்மேசையில் நின்றாள். சியூ எங்கின் கையுறை நுனி உருளையைத் தொட்டுத் தொட்டு மீள்வதைக் கண்டாள்.

"கையை எடு!"

தமிழ்தான் முதலில் வந்தது. பிறகு ஆங்கிலம். யார் எதற்காகக் கத்துகிறார்கள் என்று புரியாமல் சியூ எங் தலையை நிமிர்த்திப் பாமாவைப் பார்த்தாள். அந்த நொடியில் உருளை கையுறையைப் பிடித்துக்கொண்டது.

வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின. துணி சுற்றி வண்டியில் ஏற்றியபோது அவள் அழவில்லை. இரத்தம் கழுவி, ஐஸ் கொட்டி, அரை மணி நேரத்தில் இயந்திரத்தை மறுபடி ஓட்டினார்கள்.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்த இரஞ்சிதம் கதையோடு கதையாகச் சொன்னாள். "எங்கடை வார்டிலை ஒரு சீனப் பிள்ளை, கை நசிஞ்சு வந்தது. ஒப்பரேசன் முடிஞ்ச நேரம் தொட்டு 'சுயி, சுயி' எண்டு சொல்லிக்கொண்டே கிடந்தது, பாவம். புருசனைக் கூப்பிடுறா எண்டு ஒராள், நோவுக்கு ஊசி கேக்கிறா எண்டு இன்னொராள். கன்ரோனீஸ் எண்டிற சீன பாஷை தெரிஞ்ச டொக்டர் வந்தார், அவருக்கும் விளங்கேல்லை. கடைசியா அது எழும்பி, பூச்சாடித் தண்ணியைக் கையாலை காட்டினது. தண்ணி! பின்னேரம் முழுக்கத் தண்ணி கேட்டிருக்குது."

பாமா குசினிப் பக்கம் எழுந்து போனாள். குழாயைத் திறந்து கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்தாள். அதைக் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை.

அன்று மாலை வரதராஜனிடம், "நான் அந்த பாஷையக் கத்துக்கப் போறேன்" என்றாள்.

"இந்த வயசுலயா? எதுக்கு?"

"நான் கத்தினதாலதான் அவ நிமிந்து பாத்தா. அவளுக்குப் புரியற மாதிரி ஒரு வார்த்தை என் வாயில இருந்திருந்தா கையை எடுத்திருப்பா."

"பாமா, அது உன் தப்பு இல்ல."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல. கத்துக்கப் போறேன்னு சொல்றேன்."

சியூ எங் குடியிருந்தது ஸ்பிரிங்வேலில், ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஓர் அடுக்குமாடியில். பாமா ஆரஞ்சுப் பழங்களோடு போய்க் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த சியூ எங், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி அவளையும் பழங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வழி விட்டாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான்; சின்ன மகன் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். உள்ளே ஒரு தட்டில் மூன்று குட்டிக் கிண்ணங்கள், சுண்டுவிரல் அளவு மூக்குள்ள ஒரு மண்கெண்டி. இடது கையாலேயே வெந்நீர் ஊற்றி, முதல் நீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி, மூன்று கிண்ணத்தையும் வட்டமாகச் சுற்றிச் சுற்றி நிரப்பினாள்.

பாமா கிண்ணத்தைத் தொட்டுக் காட்டி, இது என்ன என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

"தே" என்றாள் சியூ எங்.

பாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தே? தே... தேயிலை!" என்று தமிழில் சொல்லித் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். "நாங்களும் தேதான்!" சியூ எங்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வந்தவள் ஏதோ ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்து, கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள்.

அப்படித் தொடங்கிய பாடம் குளிர்காலம் முழுக்க நடந்தது; மொழி, கோல குராவ் மீனவர்கள் பேசிய அதே தியோச்சியூ. சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்வேல் வீட்டில். மற்ற நாட்களில் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில், அந்த மற்ற இரு பெண்களோடு. சியூ எங் இரக்கமில்லாத வாத்தியார். வாங்குவதும் விற்பதும் அந்த மொழியில் ஒரே சொல்தான். குரல் ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் வித்தியாசம். மற்ற இருவரும் வந்திருந்த ஒரு சனிக்கிழமை, பாமா கடைக்குப் போய் முட்டைக்கோஸ் விற்றுவிட்டு வந்ததாகச் சொன்னபோது மூன்று பெண்களும் மேசையில் தலை கவிழ்த்துச் சிரித்தார்கள். பாமா காது சிவக்க மறுபடி சொன்னாள். மறுபடி தப்பு. மறுபடி சொன்னாள். ரயிலில் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போவாள். எதிரில் இருப்பவர்கள் இடம் மாறி உட்காருவார்கள்.

"கூடாது, செய்யாதே" என்பதற்கு அவர்கள் சொல் "மாய்". ஒரே அசை. அதைக் கற்ற நாளில் பாமா வீடுவரை அதையே சொல்லிக்கொண்டு போனாள். அவ்வளவு சின்னச் சொல்தான் அன்றைக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

சொற்களோடு சோறும் வந்தது. காலையில் அவர்கள் குடிப்பது மணி மணியாக நிற்கும் கஞ்சி. தொட்டுக்கொள்ள உப்பிட்டுக் காயவைத்த முள்ளங்கி. நம் பழையதும் ஊறுகாயும்போலத்தான் என்று பாமா நினைத்துக்கொண்டாள். ஒருநாள் "மீன்சோறு" சாப்பிட வா என்று கூப்பிட்டார்கள். போனால் மூங்கில் கூடையில் முழு மீன்கள், உப்புநீரில் வெந்து ஆறிப்போய், வரிசையாகக் கண் விழித்துக் கிடந்தன. வெள்ளைக்காரர்கள் தூண்டிலில் மாட்டும் மலிவு மீன்.

"சோறு எங்கே?" என்று கேட்டாள் பாமா, தான் சேர்த்துவைத்திருந்த சொற்களைக் கொண்டு.

"இதுதான் சோறு" என்றாள் சியூ எங். "எங்க முன்னோர் இருந்த கரையில வயல் கொஞ்சம், கடல் நிறைய. அரிசி இல்லாத நாள்ல மீனையே சோறுன்னு சொல்லிச் சாப்பிட்டாங்க. அங்கிருந்து வியட்நாம் கரைக்கு வந்தோம். பாக் லியூவுல எங்களுக்கு உப்பளம் இருந்தது. நான் சீனாவைப் பாத்ததே இல்ல. ஆனா மீன்சோறு மாறல."

அதன்பின் பாமாவிடம் அவள் கேட்டாள், "நீ மட்டும் எப்படி இப்படி ஆன?"

முழுக்கதையைச் சொல்லப் பாமாவிடம் மொழி போதவில்லை. "அம்மா கொடுத்தா. வேற அம்மா எடுத்தா" என்றாள். சியூ எங் மீனின் கன்னச் சதையைப் பிய்த்துப் பாமாவின் கிண்ணத்தில் வைத்தாள்.

மீனாம்பாளிடம் இதைச் சொல்லாமல் இருப்பது பாமாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தீபாவளிக்குத் தைப்பிங்கில் அடுத்த வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்தபோது சொல்லிவிட்டாள்.

"அம்மா? இருக்கீங்களா?"

"இருக்கேன். அதுங்க பாஷை உனக்கு எதுக்குடி?"

"வேலையில தேவைப்படுதும்மா. உங்களை விட்டுப் போகல. நான் எங்க போவேன்?"

மீனாம்பாள் பெருமூச்சு விட்டது கடல் தாண்டிக் கேட்டது. "ஒண்ணு உன்கிட்ட சொன்னதே இல்ல. படகுத்துறையில உன்னைக் கையில குடுத்தாளே அந்த அம்மா, குடுக்கறப்ப உன் தலையைத் தொட்டு 'ஹோ சீ, ஹோ சீ'ன்னா. பெத்த பிள்ளையப் பாத்துச் சீன்னு சொல்றாளே பாவின்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. இதைப் போயி உன்கிட்ட எப்படிச் சொல்றது? மனசோட போகட்டும்னு விட்டுட்டேன்."

பாமா அந்த இரண்டு சொற்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஹோ என்றால் நல்லது. அதை முதல் வாரத்திலேயே கற்றிருந்தாள். மற்றதும் தெரியும்; சியூ எங் தன் மகனுக்கு ஊட்டும்போதெல்லாம் சொல்லும் சொல்.

"அம்மா, அது சீ இல்லம்மா."

"பின்னே?"

"ஊட்டி வளக்கறதுக்கு அவங்க சொல்ற வார்த்தை. நல்லா வளரட்டும், நோய் நொடி இல்லாம வளரட்டும்னு பச்சைப் பிள்ளையத் தொட்டு வாழ்த்தறது. அப்படித்தான் சொல்லிருக்காங்க."

மீனாம்பாள் அழுதாள். பாமாவும் அழுதாள். நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் கட்டணத்தைப் பற்றி வரதராஜன் அன்று வாய் திறக்கவில்லை.

கோடை முடியும் சமயம் தொழிற்சாலை அந்த விபத்தைப் பற்றித் தன் முடிவைச் சொன்னது. சியூ எங் இயந்திரத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்திருக்கிறாள், எச்சரித்தும் கேட்கவில்லை, அஜாக்கிரதை அவளுடையது, அவளுக்கு இனி இங்கே வேலை இல்லை. தொழிற்சங்கத்தின் சார்பில் யோர்கோ என்ற கிரேக்கர் விசாரணை கேட்டு வாங்கினார்.

விசாரணைக்கு முந்திய சனிக்கிழமை பாமா ஸ்பிரிங்வேலுக்குப் போனாள். தேநீர் ஊற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியத்தை உருட்டிக்கொண்டே வந்திருந்தாள்.

"அன்னைக்கு நீ நிமிந்து பாத்தது என்னை. நான் கத்தினேன். அதான் கை போச்சு."

சியூ எங் கெண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியாதா? உன் முகத்தைத்தானே பாத்தேன்."

"கோபம் இல்லையா?"

"இருந்தது. ஆஸ்பத்திரியில இருந்தது. அப்புறம் நீ ஆரஞ்சுப் பழத்தோட வந்து நின்ன." அவள் விறைத்த இரு விரல்களைத் தூக்கிக் காட்டினாள். "இதை அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

மேலாளரின் அறையில் ஒரு நீண்ட மேசை. நிர்வாகம் அழைத்துவந்திருந்த மொழிபெயர்ப்பாளர் ஹாங்காங்கைச் சேர்ந்த கண்ணியமான மனிதர். சியூ எங்கிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும், இது என் மொழி இல்லை. நான் சொன்னால் தப்பாகப் போய்விடும்" என்று எழுந்துகொண்டார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பாமா எழுந்தாள். "நான் சொல்றேன்."

மர்லீன் சட்டென்று திரும்பினாள். "உனக்குச் சீன பாஷை தெரியாதுன்னு நீதானே சொன்ன?"

"அன்னைக்குத் தெரியாது. இப்ப தெரியும்."

அவளுடைய பேச்சு சரளமாக இல்லை. சொல் கிடைக்காத இடத்தில் சுற்றிவளைத்தாள். இரண்டு தடவை நிறுத்திச் சியூ எங்கிடமே கேட்டுத் தெளிந்தாள். யோர்கோ அவசரப்படுத்தவில்லை. என்னை எச்சரித்தது எந்த மொழியில் என்று எனக்குத் தெரியாது, சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்று சியூ எங் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தாள். பிறகு, "இது அவங்க சொன்னது. இனி நான் சொல்றது" என்றாள்.

"அவங்க வேடிக்கை பாக்கல. நான் கத்தினேன், அதனால திரும்பினாங்க. தடுப்பு இருந்திருந்தா நான் கத்தியிருக்கவே வேண்டாம். திரும்பினாலும் கை போயிருக்காது. நாளைக்கு வேற ஒருத்தி வந்து நிப்பா. அவளுக்கும் இங்கிலீஷ் வராது. அப்ப யாரு கத்துவா?"

"உன் வேலையைப் பற்றியும் கொஞ்சம் யோசி" என்றார் மேலாளர், மெதுவாகத்தான்.

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

தப்பு தங்களுடையது என்று நிர்வாகம் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் இயந்திரத்தின் மேல் இரும்புத் தடுப்பு ஏறியது. சியூ எங்கைப் பெட்டிகளுக்கு முத்திரை ஒட்டும் பிரிவில் திரும்ப எடுத்தார்கள். பாமாவைக் குளிரறைக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வரதராஜனின் கம்பளிச் சட்டை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போனாள். "விட்டுடேன், வேற வேலை பாக்கலாம்" என்று அவர் சொன்னபோது, "நானா போனா அவங்களுக்குச் சௌகரியம்" என்றாள்.

போகவேண்டிய இடம் கிடைத்தபோதுதான் போனாள். அந்த ஆண்டு ஸ்பிரிங்வேலில் புதுக் குடியேறிகளுக்கென்று அரசாங்கம் நடத்திய விடுதிக்கு வாரந்தோறும் அகதிகள் வந்து இறங்கினார்கள். அதிகாரிகள் தியோச்சியூ தெரிந்தவர்களைத் தேடித் திரிந்தார்கள். மொழிபெயர்ப்பு வேலைக்கு விண்ணப்பித்தாள். முதல் தேர்வில் விழுந்தாள்: அவளுக்குத் தெரிந்தது அடுப்படித் தியோச்சியூ, நீதிமன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் அது போதாது என்றார்கள். சியூ எங்கின் கணவனுக்குத் தெரிந்த ஒரு பழைய பள்ளி ஆசிரியரைப் பிடித்து மாதக்கணக்காகப் படித்தாள். 1979இன் கடைசியில் மறுபடி எழுதித் தேறினாள்.

பெற்றவர்களைத் தேடிக் கோல குராவுக்குப் போகப் போகிறாயா என்று இரஞ்சிதம் கேட்டாள்.

"ஒருநாள் அம்மாவைக் கூட்டிட்டுப் போவேன். இப்ப நேரமில்ல. நாளைக்குக் காலையில பிரசவ வார்டுல ஒருத்திக்காகப் போகணும்."

"நான் இப்ப மாறி வேலை செய்யிறதும் பிரசவ வார்டிலைதானே, எங்கடை வார்டுக்கோ?"

"உங்க வார்டுக்குத்தான்."

"அப்ப நேரத்தோடை வாங்கோ" என்றாள் இரஞ்சிதம். "அந்தப் பிள்ளை நேற்றுத் தொட்டு ஒண்டும் சாப்பிடேல்லை. ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை."

பாமா மறுநாள் முதல் ரயிலிலேயே போனாள்.